டிரையரில் காய்ந்த கிட்டார்

மேகமலையில் இரும்பு ரொம்ப நாள் இரும்பாக இருப்பதில்லை. கதவுக் கீலும் கவாத்துக் கத்தியும் ஒரே மழைக்காலத்தில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். கிட்டார் கம்பிக்கு அவ்வளவு காலம்கூட வேண்டியதில்லை. மதலேனாள் வாங்கி வந்த எலெக்ட்ரிக் கிட்டாரின் மெல்லிய கம்பி, எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீட்டுக்குள் மேகம் புகுந்த முதல் வாரத்திலேயே புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்தது. தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டியது.

"பாத்தியா, ஆரம்பத்துலயே சொல்லிருச்சு," என்றார் கணவர் சவரிமுத்து. எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். "இது கீழ இருக்கிறவுக சாமான். மலைக்கு ஆகாது."

"நாம மட்டும் என்ன, மேகத்துலயா பெறந்தோம்? கீழ இருந்து வந்தவுகதான. ஆகலையா?"

மதலேனாளுக்கு நாற்பத்தாறு வயது. கம்பம் பக்கத்துக் கத்தோலிக்க ஊர் ஒன்றில் பிறந்து, கல்யாணமாகி மலைக்கு வந்தவர். எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோரில் வேலை. பறித்து வரும் பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, டிரையர் அறையில் அடுக்கி, பதம் பார்த்துப் புரட்டிவிடுவது அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் கோயிலின் பாடகர் குழுவில் முன்வரிசைக் குரல்.

அந்தக் குரல் போன வருடம் உடைந்தது. குரல்வளையில் முடிச்சு, இனிமேல் பாட வேண்டாம் என்று தேனியில் டாக்டர் சொல்லிவிட்டார். கோயிலில் கீபோர்டு வாசித்துக் குழுவை நடத்துகிற உபதேசியார் பங்கிராஸ், அடுத்த ஞாயிறே மதலேனாளைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்.

"வருத்தப்படாதத்தா. பின்னால நின்னு சும்மா வாயசைச்சாப் போதும். பாதிப் பேரு அப்படித்தான் பாடுறாக."

பாதிப் பேர் சிரித்தார்கள். மதலேனாள் சிரிக்கவில்லை. அடுத்து லீவு கிடைத்த நாளில் பஸ் பிடித்துச் சின்னமனூர் இறங்கி, பழனிசெட்டிபட்டிக்குப் போனார். அங்கே அஜய்குமார் என்பவர் கீபோர்டும் டிரம்மும் விற்கிறார், ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிறார். அவர் கடையில் ஒரு காலேஜ் பையன் விட்டுப்போன கறுப்பு எலெக்ட்ரிக் கிட்டார் தொங்கியது. அதையும் சின்ன ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்றையும் வாங்கிக்கொண்டு மலையேறினார்.

ஏன் எலெக்ட்ரிக்? இதைக் கேட்காத ஆள் அந்த லயனில் இல்லை. பதில் லயன் வீட்டின் சுவரில் இருக்கிறது. ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் 'நூறு வயசு' என்பார்கள். மரக் கிட்டாரை மீட்டினால் லயனே எழுந்து உட்காரும். எலெக்ட்ரிக் கிட்டாரோ, வயரைச் சொருகாதவரை கொசு அளவுக்குத்தான் முனகும். தப்பும் தவறுமாகப் பழக இதைவிட மறைவான கருவி கிடையாது.

பழகினார். விரல் நுனி புண்ணாகிக் காய்த்தது. கடைக்காரர் சொல்லி அனுப்பிய பராமரிப்பு முறை எளிமையானது: வாசித்து முடித்ததும் துணியால் துடை, ஈரம் படாத காய்ந்த இடத்தில் வை. துடைப்பது சுலபம். சவரிமுத்துவின் பழைய கைலியைக் கிழித்து, ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் துணியைக் கொடுத்து மேலும் கீழும் இழுத்தார். துரு கட்டுக்குள் வந்தது. காய்ந்த இடத்துக்குத்தான் வழியில்லை. மழைக்காலத்தில் லயன் வீட்டுச் சுவரே வேர்க்கும்.

ஆகஸ்ட் கடைசியில் மாதா திருநாளுக்குக் கொடியேறியது. அன்றைக்கு மதலேனாள் பங்கிராஸிடம் நேராகக் கேட்டார். "திருநாள் பூசையில ஒரு பாட்டுக்கு நான் கிட்டார் வாசிக்கணும்."

"கோயில்லயா? கரண்டு கிட்டாரா?"

"ஒங்க கீபோர்டு என்ன, வெறகுலயா ஓடுது?"

பங்கிராஸ் கொஞ்சம் யோசித்தார். "சரித்தா. சனிக்கெழம ஒத்திகைக்குக் கொண்டா. சுத்தமாக் கேட்டா ஒரு பாட்டு. இல்லையின்னா இனிமே அந்தப் பேச்சே எடுக்கப்படாது."

சுத்தமாகக் கேட்க வேண்டும். இந்த ஒரு சொல்தான் மதலேனாளைத் தப்பான காரியத்துக்குத் தள்ளியது. ஒத்திகைக்கு முன்னால் கிட்டாரில் ஒரு பொட்டு ஈரம் இருக்கக் கூடாது என்று நினைத்தார். அந்த மலையில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அதன் சாவி அவரிடமே இருந்தது. வெள்ளிக்கிழமை பச்சைக் காய் ஏற்றும்போது, டிரையர் அறையின் மேல் தட்டு ஒன்றைக் காலியாக விட்டுக் கிட்டாரை அதில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினார். காய்க்குக் கொடுத்த சூடு அத்தனையும் கிட்டாருக்கும் கிடைத்தது.

மறுநாள் எடுத்தபோது கம்பிகள் பளபளத்தன. நல்ல வாசம் வேறு. கழுத்தை உள்ளங்கையில் பிடித்து விரலை ஓட்டியதும் சுருக்கென்றது. கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளின் முனைகள் இருபக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு, உள்ளங்கையில் கீறல் போட்டிருந்தன.

ஒத்திகை நேரம் நெருங்கிவிட்டது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு போனார். வயரைச் சொருகி முதல் சுரத்தை மீட்டினார். இசையோடு சேர்ந்து கர்ரென்று ஒரு இரைச்சல் வந்தது. கம்பிகள் பட்டைகள் மீதே படுத்துக் கிடந்தன.

"ஏத்தா, உள்ளுக்க வண்டு கிண்டு புகுந்திருச்சா?" என்றார் பங்கிராஸ். குழு முழுக்கச் சிரித்தது. "ஏலக்காத் தோட்டத்து வண்டு போல. வாசம்கூட அடிக்குது."

"திருநாளுக்குள்ள சரி பண்ணிட்டு வாரேன்."

"ஒத்திகை இல்லாம நேரா பூசையிலயா?"

"ஒத்திகை நான் தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒங்க காதுலதான் விழல."

சிரிப்பு இப்போது வேறு பக்கம் திரும்பியது. பங்கிராஸின் முகம் இறுகியது. "சரி, வா. வண்டு கத்துச்சுன்னா நான் கையக் காட்டுவேன். அந்த எடத்துல நிறுத்திரணும். அதோட கிட்டாரும் முடிஞ்சது, நீயும் கடைசி வரிசைக்குப் போயிரணும். சம்மதமா?"

"கையக் காட்டுங்க. அன்னைக்குப் பாப்போம்."

ஞாயிறு பூசை முடிந்த கையோடு பழனிசெட்டிபட்டி. கடை வாசலில் அஜய்குமார் கிட்டாரைத் துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் கண்ணுக்கு நேரே தூக்கி, கழுத்தின் நீளத்தைப் பார்த்தார்.

"எங்கக்கா வச்சிருந்தீங்க?"

"நீதான தம்பி காஞ்ச எடத்துல வைக்கச் சொன்ன. டிரையர்ல வச்சேன்."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனார். "கழுத்து போச்சுக்கா. பின்னால வளைஞ்சிருச்சு. இத இங்கயே போட்டுட்டு வேற பாருங்க."

"வளைஞ்சிருக்குன்னு சொல்லு. போச்சுன்னு சொல்லாத. திருநாளுக்குள்ள வேணும்."

"மரம் திரும்ப வந்தாலும் வரும், வராட்டியும் போகும். கெடு வச்சு நான் ஏத்துக்க முடியாது. முகூர்த்த சீசன், மேடை சாமானே குவிஞ்சு கெடக்கு."

"ஒன்ன யாரு ஏத்துக்கச் சொன்னா? கம்பி இருக்கா?"

முழு செட் இல்லை. மெல்லிய முதல் கம்பி மட்டும் உதிரியாக ஒன்று இருந்தது. அதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

மலையில் போனுக்கு சிக்னல் கிடைப்பது தேயிலைச் சரிவின் ஒரு வளைவில்தான். திங்கள்கிழமை சாயங்காலம் அந்த வளைவில் மழைக்குத் தலையில் பிளாஸ்டிக் கொங்காணியைப் போட்டுக்கொண்டு நின்று, மதலேனாள் வீடியோ தேடினார். கடைசியில் உதவியது ஒரு மலையாளி. மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் போலிருந்தது. மதலேனாளுக்கு மலையாளம் நன்றாகவே புரியும்.

மரம் அளவுக்கு மீறிக் காய்ந்தால் சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால்தான் முனை வெளியே நீட்டுகிறது என்றார் அவர். முதலில் எதையும் அரத்தால் ராவாதே, முறுக்காதே. மரம் இழந்த ஈரத்தை மெதுவாகக் குடிக்கட்டும். பிறகு கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைச் சாவி போட்டுக் கொஞ்சம் தளர்த்து. பின்னால் வளைந்த கழுத்துக்குத் தளர்த்துவதுதான் மருந்து. இறுக்கினால் இன்னும் வளையும்.

மேகத்தில் இருந்து காப்பாற்றப் போய்க் கெட்ட சாமானை இனி மேகம்தான் காப்பாற்ற வேண்டும். மதலேனாள் கம்பிகளைக் கழற்றி, துருப்பிடிக்காமல் இருக்க அரிசி டப்பாவுக்குள் போட்டார். கிட்டாரைக் கட்டிலில் கிடத்தி ஜன்னலைத் திறந்து வைத்தார்.

"கட்டில்ல அது படுத்தா நான் எங்கன படுக்க?" என்றார் சவரிமுத்து.

"நீங்க காஞ்சு போயா வந்திருக்கீக? கீழ படுங்க."

பட்டை முனைகள் நாளுக்கு நாள் உள்ளே போயின. முழுதாக அல்ல, பெரும்பகுதி. மிச்சம் நீட்டியதை ராவத்தான் வேண்டும். ஸ்டோர் மெக்கானிக்கிடம் வழவழப்பான சின்ன அரமும், டிரையர் காற்றாடியைக் கழற்றும் அறுகோணச் சாவிக் கொத்தும் இரவல் வாங்கினார். மரத்தில் கீறல் விழாமல் இருக்க, பட்டைகளுக்கு இடையே கரண்டுக்காரர் ஒட்டும் கறுப்பு டேப்பை ஒட்டினார். பக்கத்து வீட்டு சந்தனம்மாள் வந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டோரில் உடன் வேலை செய்கிறவள்.

"ஏன்டி, ஒரு பாட்டுக்கா இம்புட்டு?"

"ஒரு பாட்டு இல்லடி. இதுல நிறுத்துனா, சாகுற வரைக்கும் வாயசைக்கணும்."

சந்தனம்மாள் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

பழைய கம்பிகளையே மறுபடி மாட்டினார். கழற்றி மாட்டிய கம்பி, மடிந்த இடத்தில் பலவீனமாகிவிடும். அது தெரிந்துதான் மாட்டினார், வேறு செட் இல்லை; கையிலிருந்த ஒற்றை உதிரிக் கம்பியை, அறுந்தால் மாற்ற என்று உறையிலேயே வைத்தார். சாவியைப் போட்டுத் தண்டை இம்மி அளவு தளர்த்தி, சுருதி சேர்த்து, ஒரு நாள் அப்படியே விட்டார். மறுநாள் இன்னொரு இம்மி. கம்பிகள் பட்டைகளை விட்டு எழும்பின. திருநாளுக்கு முந்தின சாயங்காலம் ஒவ்வொரு பட்டையாக அழுத்தி மீட்டிப் பார்த்தார். இரைச்சல் எங்கேயும் இல்லை.

திருநாள் பூசைக்கு மலையின் எல்லா லயன்களிலிருந்தும் ஆள் வந்திருந்தது. வாசல் வழியாக மேகமும் வந்தது. சாமியாரிடம் நற்கருணை அப்பமான நன்மை வாங்கும் நேரத்துப் பாட்டு மதலேனாளுடையது. பங்கிராஸ் கீபோர்டில் தொடக்கம் கொடுத்தார், மதலேனாள் சேர்ந்துகொண்டார். சுரங்கள் சுத்தமாக விழுந்தன. முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டாம் சரணத்தில் முதல் கம்பி அறுந்தது. பட்டென்ற சத்தம் ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கோயில் முழுக்கக் கேட்டது. கம்பி சுருண்டு மணிக்கட்டில் அடித்தது.

பங்கிராஸின் வலது கை உயர்ந்தது. நிறுத்து.

மதலேனாள் அந்தக் கையை நன்றாகப் பார்த்தார். பிறகு பார்வையைத் தன் விரல்களுக்குத் திருப்பி, மிச்சமிருந்த ஐந்து கம்பிகளில் அடுத்த சுரத்தைப் பிடித்தார். பாடுகிறவர்கள் மதலேனாளின் விரல்களைப் பார்த்துத்தான் சரணத்தைத் தொடர்ந்தார்கள். கீபோர்டில் இப்போது இடது கை மட்டும் ஓடியது, பாட்டு நொண்டியது. உயர்த்திய கையை எவ்வளவு நேரம்தான் அப்படியே வைத்திருக்க முடியும்? பங்கிராஸ் அதை இறக்கிக் கட்டைகள் மேல் வைத்தார். பாட்டு முடியும்வரை அந்தக் கை மறுபடி எழவில்லை.

பூசை முடிந்து வெளியே சாப்பாட்டுப் பந்தி நடந்தது. மதலேனாள் கோயிலுக்குள்ளேயே பெஞ்சில் கிட்டாரைப் படுக்கப் போட்டு, அறுந்த துண்டை உருவிக்கொண்டிருந்தார். பங்கிராஸ் வந்து நின்றார்.

"கையக் காட்டுனேனேத்தா."

"பாத்தேன்."

"பாத்துமா நிறுத்தல?"

"வண்டு கத்துனா நிறுத்தணும்னுதான் பேச்சு. வண்டு கத்துச்சா?"

அவர் கிட்டாரைப் பார்த்தார். "கம்பி அறுந்துச்சே."

"அறுந்துச்சு. தொண்டை அறுந்தப்ப மாத்து இல்ல, போயிருச்சு. இதுக்கு மாத்து இருக்கு உபதேசியாரே." உதிரிக் கம்பியை உறையிலிருந்து எடுத்துத் துளையில் கோத்தார். "இந்தத் தலப் பக்கத்தக் கொஞ்சம் பிடிங்க."

"வர்ற ஞாயித்துக்கெழமைக்கு நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"நானும் கேக்கலையே. வருவேன்னு சொல்றேன். கீபோர்டு பக்கத்துல பிளக்கு ஒண்ணு காலியா வைங்க."

வெளியே பந்திக்குக் கூப்பிட்டார்கள். பங்கிராஸ் வாசலைப் பார்த்தார், பிறகு குனிந்து கிட்டாரின் தலைப் பக்கத்தைப் பிடித்தார். மதலேனாள் முறுக்காணியைச் சுழற்றத் தொடங்கினார்.

"ஆடாமப் பிடிங்க," என்றார்.