ரேடியோவும் வாய்ப்பூட்டும்

சலூன்காரரை அந்தத் தெருவே ரேடியோ என்றுதான் கூப்பிடும். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பிக்கிற பேச்சு, சாயங்காலம் அதை இறக்கும்போதுதான் ஓயும். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. அவர் மனைவிக்கு வாய்ப்பூட்டு என்று பெயர் வைத்தது தெரு அல்ல, அவரேதான். வைத்தது கோபத்தில். பிறகு அதுவே செல்லப்பெயராகி, “வாய்ப்பூட்டு பேசுறேன், வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க” என்று அவளே போனில் சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

கோபத்துக்குக் காரணம் அவள் பார்த்த வேலை. நீதிமன்றத்தின் பின்கட்டில் இருக்கும் சமரச மையத்தில் அவள் சமரசர். சிவில் வழக்கு விசாரணைக்கு ஏறும் முன், “ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பாருங்கள்” என்று நீதிபதி அனுப்பினால், இரு தரப்பும் வந்து உட்காருவது அவள் மேசைக்கு முன்னால்தான். அண்ணன் தம்பி, வீட்டுக்காரர் குடித்தனக்காரர், சேர்ந்து கடை போட்டுப் பிரிந்தவர்கள் என்று எல்லாரும் முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு வருவார்கள். அவள் தீர்ப்புச் சொல்ல மாட்டாள். யார் பக்கம் நியாயம் என்றும் வாய் திறக்க மாட்டாள். ஒன்றாக உட்காரவைத்துக் கேட்பாள், தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்பாள், அவர்களாகவே ஒரு முடிவுக்கு வரும்வரை சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்த அறையில் பேசியது அறையைத் தாண்டக் கூடாது என்பது விதி. மற்றவர்களுக்கு அது விதி, அவளுக்கு அது பிறவிக் குணம் மாதிரி.

ஊர்ச் சண்டையில் பாதி தன் மனைவியின் காதுக்குள் போகிறது, அதில் ஒரு சொல்கூடத் தன் காதில் விழவில்லை என்றால் ரேடியோவுக்கு எப்படி இருக்கும்?

“பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். என்ன விஷயம்னு மட்டும் சொல்லு.”

“தண்ணி வேணுமா?”

“அழுதாங்களா, சிரிச்சாங்களா, அதையாவது சொல்லேன்.”

“தண்ணி வேணுமான்னு கேட்டேன்.”

அப்படி ஒரு நாள் வெறுத்துப்போய் வைத்த பெயர்தான் வாய்ப்பூட்டு.

ஆனால் பொதுவாகச் சட்டம் கேட்டால் அவள் அலுக்காமல் சொல்வாள். சாப்பிட்டுக்கொண்டே சொல்வாள், துணி மடித்துக்கொண்டே சொல்வாள். மறுநாள் அது சலூனில் ஒலிபரப்பாகிவிடும். முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருப்பவர் மெல்ல ஆரம்பிப்பார்.

“மீடியேஷனுக்குப் போனா, அவங்க சொல்றதுக்கு நாம தலையாட்டித்தான் ஆகணுமாண்ணா?”

“முதல்ல இங்க தலைய ஆட்டாதீங்க, கையில கத்தி இருக்கு. அங்க யாரும் தீர்ப்பு சொல்ல மாட்டாங்க. பிடிச்சா கையெழுத்து, பிடிக்கலன்னா எழுந்து வந்துடலாம், கேஸ் பழையபடி கோர்ட்டுக்குப் போயிடும். மையத்துல பேசினத கோர்ட்ல சாட்சியா காட்ட முடியாது. ஆனா கையெழுத்துப் போட்டா போட்டதுதான். மறுநாள் மனசு மாறிடுச்சுன்னு வந்து நிக்கக் கூடாது.”

“அப்போ ஆர்பிட்ரேஷன்?”

“அது வேற. அங்க உட்கார்றவர் நடுவர், தீர்ப்பு சொல்றவர். சண்டை வந்தா அவர்கிட்ட போறோம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு எழுதியிருக்கணும். அவர் சொன்னது பிடிக்கலன்னு கோர்ட்டுக்குப் போய் மறுபடி முதல்லேர்ந்து வாதாட முடியாது. அதனால எந்த அக்ரிமென்டா இருந்தாலும், அந்த வரி ஒளிஞ்சிருக்கிற கடைசிப் பக்கத்தைப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க. எல்லாரும் முதல் பக்கத்தோட பேனாவை எடுத்துடறாங்க.”

ஒருமுறை இரண்டையும் போட்டுக் குழப்பி, சமரசர் சொல்வதுதான் முடிவு என்று ஒரு வாடிக்கையாளரிடம் அடித்துவிட்டார். அந்த மனிதர் பயந்துபோய் மையத்துக்கே வரவில்லை. விஷயம் தெரிந்ததும் வாய்ப்பூட்டு கணவரை அந்த ஆளின் வீட்டுக்கே அனுப்பித் திருத்திச் சொல்ல வைத்தாள். போனவர் அங்கேயும் உட்கார்ந்து வெகுநேரம் பேசிவிட்டுத்தான் வந்தார் என்பது வேறு விஷயம்.

அவள் இந்த வேலைக்கு வந்ததற்கு அப்பா ஒரு காரணம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓடிய ஒரு சாக்கடைக்காக அவர் போட்ட வழக்கு, அவள் பள்ளிக்கூடம் போகும் முன்பே தொடங்கி, அவள் சட்டம் படித்து முடித்த பிறகும் நடந்தது. கடைசியில் மேல் முறையீட்டில் அப்பா ஜெயித்தார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டுப் போயிருந்தார். ஜெயித்த செய்தியைச் சொல்லிக் காட்ட ஆளில்லாமல் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கோலத்தை அவள் மறக்கவே இல்லை. சில வருடங்கள் வக்கீலாக வாதாடினாள், நன்றாகவே வாதாடினாள். பிறகு கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, சமரசர் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். வக்கீலுக்குப் படித்தவள் சலூன்காரரைக் கட்டிக்கொள்வதா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தபோது, “வீட்டுல ஒருத்தராவது பேச வேண்டாமா?” என்று கேட்டு எல்லார் வாயையும் அடைத்தவள் அவள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்துக்குள் வழக்கு நுழைந்தது கட்டட ஓனர் வழியாக. சலூன் இருந்த கட்டடம் அவருடையது. நல்ல மனிதர், பழகினவர். கடை போட்ட நாளிலிருந்து அவர் தலையில் ரேடியோவின் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. திடீரென்று ஒரு நாள், கீழ்த்தளம் தனக்கு வேண்டும், காலி செய்யுங்கள் என்றார். ஏன் என்று கேட்டதற்குச் “சொந்த உபயோகம்” என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருந்தது. ரேடியோ மறுத்தார், ஓனர் கோர்ட்டுக்குப் போனார்.

“கேஸ் போட்டதுகூடப் பரவாயில்ல,” என்று ரேடியோ வீட்டில் குதித்தார். “எவன்கிட்டயோ முடி வெட்டிக்கிட்டு என் கடை முன்னாடியே நடந்து போறார்! காதுக்கு மேல படி படியா நிக்குது. நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

வக்கீல், கேஸ் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறது, இழுத்தாலும் ஜெயித்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். நீதிபதியோ வழக்கமான முறைப்படி முதலில் சமரசத்துக்கு அனுப்பினார். ரேடியோவுக்கு ஒரே குஷி.

“நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை? உன் மேசைக்கே வரட்டும்.”

“வராது. நீங்க என் வீட்டுக்காரர்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். வேற மையத்திலேர்ந்து ஒருத்தர் வருவார். அவருக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது.”

“கட்டின புருஷனுக்கு இவ்வளவுதானா?”

“கட்டின புருஷன்கிறதாலதான்.”

பேச்சுவார்த்தை நடந்த அன்று அவள் வேறு வழக்கு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நடைபாதையில் இருந்த மர பெஞ்சில், மூடிய கதவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கதவை எத்தனையோ முறை உள்ளிருந்து சாத்தியவள், வெளியே உட்கார்வது அதுதான் முதல் தடவை. அங்கே உட்கார்ந்த மனைவிமாரும் மகன்களும் ஏன் அப்படி நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார்கள் என்பது இப்போதுதான் விளங்கியது.

முதலில் ரேடியோவின் குரல் கதவைத் தாண்டி இரைச்சலாகக் கேட்டது. வார்த்தை புரியவில்லை, கோபம் புரிந்தது. ஓனரின் வக்கீலும் இவருடைய வக்கீலும் வெளியே வந்தார்கள், மறுபடி உள்ளே போனார்கள். பிறகு ஓனர் ஏதோ பேசத் தொடங்கியிருக்க வேண்டும். ரேடியோவின் குரல் நின்றது. நின்றது நின்றதுதான், திரும்ப எழவே இல்லை. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது தூக்கத்தில் மட்டும்தான்.

கதவு திறந்தபோது கையெழுத்தாகியிருந்தது. கீழ்த்தளத்தை விட்டுக் கொடுத்துவிட்டு, அதே கட்டடத்தின் மாடி அறைக்கு சலூன் போகிறது. வாடகை மாறாது. அவ்வளவுதான் அந்த ஒப்பந்தம். அவளுக்குத் தலை சுற்றியது. ஜெயிக்கிற வழக்கை, தெருவைப் பார்த்த கடையை, நடந்து போகிறவன் எட்டிப் பார்த்து உட்காரும் இடத்தை விட்டுவிட்டு மாடிக்கா?

“என்ன ஆச்சுங்க? அவர் என்ன சொன்னார்?”

ரேடியோ அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். “வா, வீட்டுக்குப் போகலாம்,” என்றார்.

அந்த வாரம் முழுக்க அவள் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! நேரே கேட்டாள், சுற்றி வளைத்துக் கேட்டாள். கடைசியில் சாப்பாட்டு மேசையில், தன்னை அறியாமலே, “பேர் ஊரெல்லாம் வேண்டாங்க, என்ன விஷயம்னு மட்டும்...” என்று ஆரம்பித்துவிட்டாள்.

ரேடியோ செம்பை எடுத்தார். “தண்ணி வேணுமா?”

அவளுக்கு வந்த கோபத்தில் எழுந்து போய்விட்டாள். அடுக்களையில் நின்று தனியாகச் சிரித்தாள் என்பதும் உண்மை.

தெரு அப்படிச் சிரித்துவிட்டு விடுமா? நாற்காலிகளும் கண்ணாடிகளும் மாடி ஏறின. வயதான வாடிக்கையாளர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு வைத்து ஏறினார்கள். கீழே ஷட்டர் மூடியே கிடந்தது. “சொந்த உபயோகமாம், உள்ள எலிதான் குடியிருக்கு” என்றார்கள். ஓனர் எதையோ கையில் திணித்துவிட்டார் என்றார்கள். அதைவிட மோசமாக, பெண்டாட்டி தன் வேலையில் பெயர் வாங்கப் புருஷனைத் தலையாட்ட வைத்துவிட்டாள் என்றும் ஒரு பேச்சு கிளம்பி, நீதிமன்றம் வரை வந்தது. “மேடம், வீட்டுக்காரரையே மாடி ஏத்திட்டீங்களாமே!” என்று ஒரு வக்கீல் நடைபாதையில் சிரித்தார். அவளுக்குச் சுருக்கென்றது. அன்று அவள் மேசைக்கு வந்த இரண்டு பேர் தன்னை ஒரு மாதிரி பார்ப்பதாகவே தோன்றியது. உண்மையைச் சொல்லி ஊர் வாயை அடைக்கக்கூடியவர் ஒருவர்தான். அவரோ மாடியில் முடி வெட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை, அவர் வீட்டில் விட்டுப்போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அவள் சலூனுக்குப் போனாள். பாதிப் படியில் மேலிருந்து குரல் கேட்டது. பக்கத்துக் கடை டெய்லர். அந்தப் புரளியில் பாதியைத் தைத்தவரே அவர்தான்.

“இங்க பாரு, ஒரே ஒரு வார்த்தை சொல்லு. ஏன் விட்டுக் குடுத்தேன்னு சொல்லு. தெரு வாயை நான் அடைக்கிறேன். உன்னைச் சொன்னாக்கூடப் பரவாயில்ல, உன் சம்சாரத்தை இல்ல பேசறாங்க?”

கத்தரிச் சத்தம் நின்றது. அவள் படியிலேயே நின்றாள். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தாள். தன்னைப் பற்றிப் பேசினால் பொறுத்துக்கொள்வார், அவளைப் பற்றிப் பேசினால் பொறுக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

“எவன் பேசறானோ அவனை அவ மேசைக்கு முன்னாடி ஒருநாள் உட்காரச் சொல்லு,” என்றார் ரேடியோ. “அங்க வர்றவங்க வாய் திறந்து மனசுல இருக்கிறதைச் சொல்றாங்கன்னா, அது வெளிய போகாதுங்கிற ஒரே தைரியத்துலதான். நான் இங்க ஒரு வார்த்தை விட்டா, நாளைக்கு அவ எந்த முகத்தோட அங்க போய் உட்கார்வா? பொதுவா சட்டம் கேளு, சாயங்காலம் வரைக்கும் சொல்றேன். அந்த ரூம்ல பேசினதைக் கேட்காதே. தலைய நேரா வை.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை வழக்கு முடித்திருக்கிறாள், எத்தனை பேர் கைகூப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள்! அன்றைக்கு வந்த பெருமை அதில் ஒன்றிலும் வந்ததில்லை.

பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டுத் திரும்பினாள். இரண்டு படி கீழே, சுவரில் கை வைத்துக்கொண்டு கட்டட ஓனர் நின்றிருந்தார். தலைமுடி காதுக்கு மேல் இன்னமும் படி படியாகத்தான் இருந்தது. அவரும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“உங்ககிட்ட சொல்லியிருப்பாரேம்மா,” என்றார் மெதுவாக. “பரவாயில்ல. நீங்க வீட்டு மனுஷி.”

“இல்லைங்க. எங்கிட்டகூடச் சொல்லலை.”

ஓனர் அவளையே பார்த்தார். நம்பிக்கை வர அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. வந்ததும் உதடு கோணிக்கொண்டது, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நானே சொல்லிடறேம்மா. உங்களுக்குத் தெரியணும்.”

இத்தனை நாள் அவளை அரித்தெடுத்த கேள்விக்குப் பதில் இரண்டு படி கீழே நின்றது. ஒரு தலையசைப்புப் போதும்.

“வேண்டாங்க,” என்றாள். “எனக்குத் தெரியாமலே இருக்கட்டும். அதுதான் எனக்குப் பெருமை.”

சுவரோரம் ஒதுங்கி வழி விட்டாள். ஓனர் ஒவ்வொரு படியாக ஏறி வாசலில் போய் நின்றார். பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி ரேடியோ முழங்கியது.

“வாங்க, வாங்க! டெய்லரே, எழுந்திரு, உனக்குப் போதும். நீங்க உட்காருங்க. எந்தப் பாவி உங்க தலையை இப்படிக் கொத்தி வெச்சான்?”