வால்பாறையிலிருந்து இறங்கும் மூங்கில்

பொள்ளாச்சிக்குப் போகும் பேருந்து மலையடிவாரச் சோதனைச் சாவடியில் நிற்கிறது. பக்கத்து இருக்கைப் பெண்ணின் காலடியில், ஈரச் சாக்கில் வேரோடு கட்டிய மலைமூங்கில் குத்து ஒன்று. ஏறிவந்த வனக்காவலர் அதைப் பார்த்துவிடுகிறார்.

"காட்டுல புடுங்குனதா?"

"இல்லைங்க. எஸ்டேட் ஊட்டு வாசல்ல நான் வெச்சதுங்க. வேலை முடிஞ்சுபோச்சு. கருமத்தம்பட்டிக்கு, பையன் ஊட்டுக்கே போறேனுங்க."

அவர் சாக்கை அவிழ்க்கிறார். அவள் முன் இருக்கைக் கம்பியை இறுகப் பிடிக்கிறாள். வேர்மண்ணில் வீட்டு அடுப்படியில் மிஞ்சிய முட்டை ஓடும் தேயிலைச் சக்கையும் கலந்திருக்கின்றன. அவரே மறுபடி கட்டிக் கொடுக்கிறார்.

"பனியில கருகாதும்மா இது. ஆனா கீழ அடிக்கிற வெயிலத் தாங்காது."

"நானும் அங்கதானுங்க இருந்தாகோணும்."

பேருந்து கிளம்புகிறது. ஜன்னல் வெயில் மூங்கில் இலைகளின் மேல் விழுகிறது. அவள் முந்தானையால் மூடுகிறாள்.