தயிர்சாதம் தின்ற மோத்தி

டிராமிலிருந்து குதிரையை அவிழ்த்துவிட்டு மின்சாரம் வைத்த புதிதில் நாங்கள் ஆற்றங்கரையை ஒட்டிய கார்டன் ரீச்சில் குடியிருந்தோம். எங்கள் வீட்டு நாய் மோத்தியைப் போல ஆசாரமான நாய் கல்கத்தாவிலேயே கிடையாது என்பது அப்பாவின் கட்சி. அதற்குக் காலையில் தயிர்சாதம், ராத்திரி பருப்புசாதம். ஆபீஸிலிருந்து யார் வந்தாலும், "எங்காத்து நாய் முட்டையை மோந்துகூடப் பாக்காது" என்று பெருமையடித்துக்கொள்வார். பாவம், அதற்கு யாரும் முட்டையைக் காட்டியதே இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ரயில்வே துரை ஒருவர் இருந்தார். வெயில்காலம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவர் வீட்டுத் தோட்டத்தில் கரியடுப்பு மூட்டி, கோழியையும் ஆட்டிறைச்சியையும் கம்பியில் குத்திச் சுடுவார்கள். புகை ஆற்றுக்காற்றோடு நேரே எங்கள் வீட்டுக்கு வரும். அப்பா ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டுப் புழுக்கத்தில் வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பார். மோத்தியைக் கட்டிப்போடலாம் என்று அம்மா சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். தயிர்சாதத்தில் வளர்ந்த நாயைச் சந்தேகப்படுவதாவது!

அம்மா அவருக்குத் தெரியாமல் அதைக் கொல்லைக் குழாயடியில் கட்டிவிடுவாள். காவலுக்குச் சித்தப்பா உட்காருவார். அவர் அப்பாவின் தம்பி. தாயில்லாப் பிள்ளையான அவரை வளர்த்ததே அம்மாதான். மற்ற பையன்கள் கால்பந்து பார்க்க மைதானத்துக்கு ஓடும்போது தன் தம்பி கொல்லையோடு கிடக்கிறானே என்று அப்பாவுக்கு ஒரே பூரிப்பு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் கொல்லையில் கூழாங்கல் வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். குழாயடியில் நாயும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. திடீரென்று வேலி ஓட்டை வழியாக மோத்தி வந்தது. கழுத்தில் அறுந்த கயிறு. வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் ஒழுக, முன்னங்காலால் தாடையைப் பிறாண்டிக்கொண்டு மண்ணில் புரண்டது. குரைக்கக்கூட முடியவில்லை. மோத்தி செத்துப்போய்விடும் என்று நான் கத்திய கத்தலில் அப்பாவும் அம்மாவும் ஓடிவந்தார்கள். எனக்கு அப்போது மோத்தியைவிட உயர்ந்த உறவு வேறு கிடையாது.

அதே ஓட்டை வழியாகச் சித்தப்பா வந்து விழுந்தார்.

"யாரும் தொடாதேங்கோ, கடிச்சுடும். மன்னி, மரக்கரண்டி!"

அம்மா கொண்டுவந்த கரண்டிக் காம்பை அதன் பற்களுக்கு நடுவில் கொடுத்துவிட்டு, சித்தப்பா கையை உள்ளே விட்டார். மோத்தி வலியில் அவர் கையைக் கடித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, மேலண்ணத்தில் குறுக்கே மாட்டியிருந்த எலும்பை வெளியே எடுத்துப் போட்டார். மோத்தி இருமியது, பிறகு என் மடியில் தலையை வைத்துக்கொண்டது. எனக்கு உயிர் வந்தது.

"கோழி எலும்பு. வெந்துடுத்துன்னா சில்லுசில்லா ஒடையும், தொண்டையைக் கிழிச்சுடும். ஆட்டுத்தொடை எலும்புன்னா இப்படி ஒடையாது" என்று மூச்சு வாங்கினார் சித்தப்பா.

"இதெல்லாம் நோக்கு எப்படிடா தெரியும்?" என்றார் அப்பா.

சித்தப்பா எலும்பைக் காலால் மண்ணுக்குள் தள்ளினார்.

"புஸ்தகத்துல படிச்சிருப்பான்" என்றாள் அம்மா. "மொதல்ல நாய்க்குத் தண்ணி வையுங்கோ."

அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. தம்பியின் படிப்பை மெச்சிக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போனார். மோத்திமேல் குற்றமே இல்லை, துரைதான் எலும்பை அதன் வாயில் வலுக்கட்டாயமாகத் திணித்திருக்க வேண்டும் என்று போகிற வழியில் தீர்மானமும் செய்துவிட்டார்.

அம்மா சித்தப்பாவின் கையைக் கழுவி, மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டுத் துணியால் கட்டினாள். பிறகு உள்ளே போய் ஏலக்காய் எடுத்துவந்து அவருடைய நல்ல கையில் வைத்தாள்.

"அண்ணா கிட்டக்க போறதுக்கு முன்னாடி வாயில போட்டுக்கோடா."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஒரு ஏலக்காய் கேட்டேன், அம்மா தரவில்லை. நாய் கடித்தது கையில், மருந்து மட்டும் எதற்காக வாய்க்கு என்று மோத்தியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் யோசித்தேன்.