குற்றத்தை ஒத்துக்கொண்டவர்

ஸ்கூட்டரில் விளக்கு எரியாத வழக்குக்காக ஒரு நாள் தாம்பரம் கோர்ட்டு வராந்தாவில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு வேன் டிரைவர். நரைத்த மீசை, கஞ்சி போட்ட காக்கிச் சட்டை. யார் கடந்து போனாலும், பியூனே ஆனாலும், எழுந்து நின்றுவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தார். கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் தாறுமாறான வேகத்தில் ஓட்டினார் என்று அவர்மேல் வழக்கு.

"வேகமாத்தான் போனீங்களா?" என்று கேட்டேன்.

"போனேன் சார். லேட்டானா கம்பெனி கேட்டை மூடிடுவாங்க, அமுக்கிக்கினு போன்னு மொதலாளி சொன்னாரு. இப்போ குத்தத்த ஒத்துக்கினா ஃபைனோட வுட்டுடுவாங்கன்னும் அவருதான் சொன்னாரு."

ஒத்துக்கொண்டார். அபராதத்தோடு லைசென்ஸையும் ஆறு மாதத்துக்கு நிறுத்திவைத்துவிட்டார்கள்.

வெளியே வேனருகே முதலாளி நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "லைசென்ஸ் இல்லாதவன வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? நாளைலேர்ந்து வராத" என்றார்.

"நீங்க சொல்லித்தான சார் வேகமா..."

"வேகமா போகச் சொன்னேன். மாட்டிக்கச் சொன்னனா?"

சாவியை வாங்கி, உடன் வந்திருந்த புது டிரைவரிடம் கொடுத்தார். "ஷிஃப்டுக்கு நேரமாச்சு, சீக்கிரம் எடு."

இவர் ஜன்னலோரம் போய்ப் புது டிரைவரிடம் குனிந்தார். "பிரேக்கு லேட்டாத்தான் புடிக்கும். எத்தினியோ வாட்டி சொல்லிட்டேன், சரி பண்ணல. பாத்துப் போ தம்பி."

முதலாளி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வேன் போய்விட்டது.

அந்த பிரேக்கைப் பற்றி மாஜிஸ்திரேட்டிடம் அவர் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.