கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு மூணு

கண்டியில் வைத்து என் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதிக் கால் பங்கோடு என்னைப் பொகவந்தலாவைக்கு அனுப்பிவைத்தார்கள். நான் எந்த நாட்டுக்காரன் என்று இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் பேசிப் பேசி முடிவுக்கு வராதிருந்த வருஷங்கள் அவை. வயிறாவது முழுசாக என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதிலும் கால் பங்குதான் என்று ஆகிவிட்டது.

அதற்கு முந்திய வருஷம் வரை தோட்டத்திலேயே கனத்த ஆள் நான்தான். தேயிலை ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. வயிற்றில் புண் இருந்தது எனக்குத் தெரியாது. பசித்தால் வலிக்கும், தின்றால் வலி நின்றுவிடும். மருந்து இவ்வளவு ருசியாக இருக்கும்போது யார் டாக்டரைத் தேடுவார்கள்? ஒரு வேளைக்கு ஆறு ரொட்டி, சம்பல், மேலே ஒரு செம்பு தேத்தண்ணி என்று நூற்றெண்பது ராத்தல், இன்றைய கணக்கில் எண்பது கிலோவுக்கு மேல், உடம்பை வளர்த்தேன். கடைசியில் புண் முற்றி வயிற்றின் வாசலையே அடைத்துக்கொண்டது. மூன்று மாதம் தின்றதெல்லாம் வெளியே வந்தது. பிறகுதான் கண்டி.

போகிற அன்று காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"டேய், வெட்டுன வயித்த அங்கயே விட்டுட்டு வந்துறாத. ஸ்டோருக்குக் கொண்டாந்தியன்னா ஒரு வாரத்துக்கு வெறகு மிச்சம்."

பெரட்டே சிரித்தது. முதலில் சிரித்தவன் நான்தான். என்னைக் கேலி செய்ய இன்னொருத்தருக்கு வாய்ப்புக் கொடுக்காமல் நானே முந்திக்கொள்வது என் வழக்கம். ஆனால் என் மனைவி, என்னோடு கண்டிக்கு வர இரண்டு நாள் லீவு கேட்டபோது அவர் சொன்னதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீ போயி என்னா செய்யப் போற? கத்தியப் புடிச்சுக் குடுக்கப் போறியா? மலைக்குப் போ புள்ள."

அவள் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். நான் தனியாக லொறியில் ஏறினேன். அன்றைக்கே எழுதிவைத்துவிட்டேன், மனசில்: இந்த மனிதரை விடுவதில்லை.

திரும்பி வந்த பிறகு அந்த எண்ணம்தான் எனக்குச் சோறு. வேறு எதுவும் தங்கவில்லை. டின்பால் டின்னில் பாதி அளவு கஞ்சி, ஒரு நாளைக்கு எட்டுத் தரம். அதையும் கரண்டி கரண்டியாக, பல்லில்லாத கிழவன் மாதிரி மென்று விழுங்க வேண்டும். கஞ்சியை எதற்கு மெல்ல வேண்டும் என்று கேட்டதற்கு, கண்டி டாக்டர், "உனக்குப் பழக்கம் வரணும்" என்றார். சாப்பிட்டதும் நீட்டிப் படுத்துவிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. இனிப்புக் கூடவே கூடாது. இதை மட்டும் நான் நம்பவில்லை. முதல் வாரமே, எங்கள் வரிசை வீட்டில் அடுத்த காம்பராக்காரி பாசத்தோடு கொடுத்த சீனி போட்ட பாயாசத்தில் நாலு கரண்டி உள்ளே தள்ளினேன். கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு தப்பு அடிப்பதுபோல் அடித்து, கண் இருண்டு, குளிரும் மழையுமாக இருந்த அந்த மத்தியானத்தில் நான் ஸ்டோர் அடுப்புக்கு முன்னால் நிற்பவன்போல் நனைந்து கிடந்தேன்.

லயம் என்கிற அந்த வரிசை வீட்டில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலே உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்தில் கருவாடு பொரித்தால் வாசனை சுவர் ஏறி இறங்கி நேரே என் மூக்குக்கு வரும். அந்த ஒரு வாசனைக்காகவே அந்தக் குடும்பத்தின் மேலும் பழி வாங்குவதாக முடிவு செய்தேன். என்னைப் பார்க்க வந்து, "அடையாளமே தெரியலயே!" என்று சொன்னவர்கள் எல்லோரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தேன். சாரத்தை இரண்டு சுற்றுக்குப் பதிலாக மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு, காலியான சாக்கு மாதிரி தொங்குகிற வயிற்றுத் தோலைத் தடவிக்கொண்டு, நாள் பூராவும் பழி நினைத்துக் கிடந்தேன். வேறென்ன செய்வது? சிரித்தால் தையல் இழுத்தது. தோட்டத்துக்கே கோமாளியாக இருந்தவனுக்குச் சிரிக்கத் தடை போட்டால் அவன் கெட்ட மனுஷன் ஆகாமல் என்ன ஆவான்?

என் உயிருக்குப் பயமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். கண்டி டாக்டர் கொடுத்தனுப்பிய துண்டில், வரும்போது என் நிறை நூற்றிருபத்தெட்டு ராத்தல் என்று எழுதியிருந்தது. நூற்றிருபதுக்குக் கீழே இறங்கினால் உடனே திருப்பி அனுப்ப வேண்டும், மறுபடி திறந்து பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அந்த 'மறுபடி' என்ற சொல்லை எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் மருந்தையா வாசித்துக் காட்டியபோது தையல் போட்ட இடம் தானாகவே குளிர்ந்தது.

மருந்தையாவிடம் இருந்தது பச்சைப் பிள்ளைகளை நிறுக்கும் தராசு. என் ஒரு கால்கூட அதில் அடங்காது. ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் கொழுந்து மடுவத்தில் என்னை நிறுத்து எழுதி அனுப்பும்படி கணக்கப்பிள்ளைக்குத் துண்டு கொடுத்தார்.

மடுவம் என்பது மலையடியில் தகரக் கூரை போட்ட கொட்டகை. பெண்கள் கூடைக் கொழுந்தைக் கொண்டுவந்து, கொக்கியில் தொங்கும் சாக்கில் கொட்டுவார்கள். சாக்கைத் தொங்கவிட்டு முள்ளைப் பூச்சியத்துக்குத் திருப்பிவைத்த பிறகுதான் காலையில் நிறுவை தொடங்கும். முள் இருக்கிற முகம் கணக்கப்பிள்ளை பக்கம். அவர் பார்த்துச் சொல்வதுதான் நிறை.

அந்தச் சாக்குக்குள் என்னைக் குந்தவைத்தார்கள். தலை மட்டும் வெளியே. வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி, "அண்ணே, நீங்க நல்ல கொழுந்தா, முத்தலா?" என்று கேட்டாள்.

"வாடுன கொழுந்து தங்கச்சி. ஸ்டோர்ல எடுக்க மாட்டாங்க" என்றேன்.

"நூத்தி இருவத்திரெண்டு" என்றார் கணக்கப்பிள்ளை.

கண்டியிலிருந்து வந்த இரண்டு நாளில் ஆறு ராத்தல்! வரும் வழியில் பஸ்ஸில் அட்டன் வளைவுகளில் வாந்தி எடுத்தேன்தான். ஆறு ராத்தல் வாந்தியா எடுத்தேன்? அடுத்த சனிக்கிழமை நூற்றிருபத்தொன்று. அதற்கடுத்தது சரியாக நூற்றிருபது. இறங்கி நடக்கும்போது கணக்கப்பிள்ளை முதுகுக்குப் பின்னால் சொன்னார்: "இப்பிடியே போனா கூடையில போட்டுத் தூக்கிட்டுப் போயிறலாம்டா."

நான்காம் வாரம் பயத்தில் எட்டுத் தரம் தின்பதைப் பத்தாக்கினேன். இரண்டு தரம் வெளியே வந்தது. மிச்சம் பழையபடி எட்டுத்தான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஆரோரூட் மா வாங்க மெல்ல மெல்ல பசாருக்கு இறங்கினேன். கடைக்கார முஸ்லிம் நானாவுக்கு என்னை இருபது வருஷமாகத் தெரியும். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தம்பிதானா, இல்ல தம்பிட சட்டைய யாரும் திருடிப் போட்டுக்கிட்டு வந்திருக்கா?" என்றார். பிறகு உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கிற தராசைக் காட்டினார். "ஏறுங்க பாப்பம், எவ்வளவு மிச்சம் வச்சிருக்கானுகன்னு."

ஏறினேன். நூற்றிருபத்து நாலு.

"நானா, ஒங்க தராசு பொய் சொல்லுது" என்றேன்.

அவ்வளவுதான். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "இருவது வருஷமா இந்தத் தராசுல யாவாரம் செய்றன்! அரசாங்க முத்திரை குத்தின தராசு!" என்று சொல்லிக்கொண்டே இரும்புப் படிக்கல் ஐந்தாறைத் தூக்கி அடுக்கி, நிறுத்துக் காட்டி, என் வாயாலேயே "சரியா இருக்கு நானா" என்று சொல்லவைத்துவிட்டுத்தான் மாவைக் கட்டிக் கொடுத்தார்.

சந்தோஷமாக மலை ஏறினேன். மத்தியானம் மடுவத்தில் சாக்குக்குள் குந்தினேன்.

"நூத்திப் பத்தொம்பது."

மருந்தையா துண்டைப் பார்த்தார். கண்டிக்குக் கடிதம் எழுதி, திங்கட்கிழமை காலை லொறிக்கு ஆயத்தமாக இருக்கச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். மனைவி வேலை முடிந்து வந்து, கூடையைக் கழற்றிவைத்தாள். நான் நடந்ததைச் சொன்னேன்: நானா கடையில் நூற்றிருபத்து நாலு, இரண்டு மணி நேரத்தில் மடுவத்தில் நூற்றுப் பத்தொன்பது. இரண்டு மைல் ஏற்றத்தில் மனுஷன் ஐந்து ராத்தல் உருகுவானா?

அவள் கையில் இருந்த, கூடைக் கயிற்றுக்கடியில் தலையில் போடுகிற கொங்காணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அஞ்சா கொறையுது?"

"அஞ்சு."

"அட பாவி மனுசா! அது ஒங்க ஒடம்புல கொறையலங்க. அவரு வாயில கொறையுது. எங்களுக்கும் அஞ்சுதான். கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு மூணு."

"கூடதான் தராசுல ஏறுறதே இல்லையே?"

"ஏறாதுதான். அதுக்குத்தான் ரெண்டு. மழையே இல்லாட்டியும் தண்ணிக்கு மூணு. கேட்டா பேர வெட்டி அன்னைக்குக் கூலி இல்லாம ஆக்கிப்புடுவேம்பாரு. இத்தன வருசமா அப்பிடியே பழகிப்போச்சு. முள்ளப் பாத்தா வாயி தானா அஞ்சக் கழிச்சிட்டுத்தான் தொறக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் என் மேல் வஞ்சம் வைத்துக் குறைத்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். அதுவும் இல்லை. ஒரு மனுஷனை, கத்தி பட்ட மனுஷனை, ஈரக் கொழுந்து என்று நினைத்துத் தண்ணி கழித்திருக்கிறார்! அந்த ஐந்து ராத்தலுக்காக என்னை இரண்டாம் தரம் கிழிக்கப் போகிறார்கள். என் மனைவி எத்தனை வருஷமாக நாளுக்கு மூன்று நிறுவை அந்த வாய்க்குக் கொழுந்து கொட்டியிருக்கிறாள்!

"மருந்தையாகிட்ட போயி சொல்லிட்டு வாங்க" என்றாள்.

சொல்லியிருக்கலாம். நல்லவனாக இருந்தால் சொல்லியிருப்பேன். இரகசியமாகச் சொன்னால் இரகசியமாகத் திருத்திவிடுவார்கள். எனக்கு அது போதாது. பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் பட்டதை மடுவத்தில் எல்லோர் முன்னாலும் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மருந்தையாவிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஐயா, கண்டிக்குப் போறதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா கண்டி டாக்டர், 'அந்தத் தராசு சரியான்னு ஒங்க மருந்தையா பாத்தாரா'ன்னு கேட்டா நான் என்னான்னு சொல்றது? ஐயா பேருக்குல்ல கெட்ட பேரு."

மருந்தையா யோசித்தார். தன் உடம்பைப் பற்றி அவருக்குப் பெருமை உண்டு. போன வாரம்தான் டவுனில் நிறுத்துப் பார்த்து, நூற்றைம்பது ராத்தல், கூடவுமில்லை குறையவுமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என் நிறை எனக்குத் தெரியும். நானே ஏறிப் பாக்குறேன்" என்றார். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

திங்கட்கிழமை, லொறி வருவதற்கு முன்னால், முதல் நிறுவை. நல்ல வெயில். அறுபது பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். மருந்தையா சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காற்சட்டையோடு கொழுந்துச் சாக்குக்குள் இறங்கிக் குந்தினார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளை மரியாதையாகத் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"நூத்தி நாப்பத்தஞ்சு, ஐயா."

சாக்குக்குள் இருந்த தலை மெதுவாகத் திரும்பியது. "எவ்வளவு?"

கணக்கப்பிள்ளைக்கு அப்போதும் விளங்கவில்லை. "நூத்தி நாப்பத்தஞ்சுங்க."

வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. என் மனைவியின் குரல்தான்.

"ஐயாவுக்கும் தண்ணி கழிச்சாச்சு டோய்!"

மடுவத்துத் தகரம் அதிரச் சிரித்தார்கள். மருந்தையா இறங்கி வந்து, வேறொருவரைச் சாக்கில் இருக்கவைத்து, முள் காட்டுவதும் கணக்கப்பிள்ளை வாய் சொல்வதும் ஐந்து தள்ளியிருப்பதைத் தானே பார்த்தார். பிறகு என்னை ஏற்றி, தானே வாசித்தார்: நூற்றிருபத்து நாலு. சட்டைப்பையில் இருந்த கண்டிக் கடிதத்தைக் கிழித்தார். கணக்கப்பிள்ளையின் முகத்தை நான் அவசரப்படாமல், மென்று மென்று பார்த்தேன். டாக்டர் சொன்ன மாதிரி.

அன்றைக்கு அந்த அறுபது கூடையும் முள் காட்டிய நிறைக்கே எழுதப்பட்டன. வெயில் இருந்த வரை அப்படியே நடந்தது. மழை தொடங்கியதும் தண்ணிக்கு ஒன்று கழிக்கத் தொடங்கிவிட்டார் என்று மனைவி சொன்னாள். மூன்று அல்ல, ஒன்று.

அத்தோடு நான் வீட்டுக்குப் போயிருந்தால் முழு வெற்றி. யாரோ ஒரு புண்ணியவதி பாலில்லாத் தேத்தண்ணியான சாயத்தண்ணியில் சீனியைக் கொட்டிக் கலக்கி, "குடிங்கண்ணே" என்று ஒரு கோப்பை நீட்டினாள். தையல் இழுக்க இழுக்கச் சிரித்துக்கொண்டே, டாக்டர் சொன்னது ஒன்றும் நினைவில்லாமல், மடமடவென்று குடித்தேன். கால் மணி நேரம். வேர்வை, படபடப்பு, கண் இருட்டு. வெற்றி பெற்றவன் கொழுந்துக் குவியலில் மல்லாந்து விழுந்தான்.

மருந்தையாவையும் என்னையும் விட்டால் மடுவத்தில் அப்போது இருந்த ஆம்பளைகள் இரண்டே பேர்: சாக்குத் தூக்குகிறவர், கணக்கப்பிள்ளை. மருந்தையா இருவரையும் பார்த்தார். என்னைக் கொழுந்துச் சாக்கில் கிடத்தி, கம்பு கோத்து, ஆளுக்கொரு பக்கம் தோளில் தூக்கினார்கள். பின்பக்கக் கம்பு கணக்கப்பிள்ளையின் தோளில். லயத்துக்கு அரை மைல் ஏற்றம்.

பாதி வழியில் எனக்குத் தெளிவு வந்தது. ஆனாலும் கண்ணைத் திறக்காமல் கிடந்தேன். அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"கணக்கப்புள்ளையா, கனக்குதா?" என்றேன், கண்ணை மூடியபடியே.

கம்பைத் தோள் மாற்றிக்கொண்டார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"நூத்தி இருவத்தி நாலுடா."

ஒரு ராத்தல்கூடக் கழிக்கவில்லை. அது போதும் என்று விட்டிருக்கலாம். நான் விடவில்லை. லயம் வரும்வரை உடம்பைத் தளரவிட்டு, முடிந்த மட்டும் அவர் பக்கமாகச் சரிந்துகொண்டே போனேன்.