பாகலூர்க்காரி கூப்பிட்டது

பாறையில் கால் வைப்பதற்கு முன் அவள் செருப்பைக் கழற்றுவாள். நீல நிற ரப்பர் செருப்பு. ஒரு வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கும். இரண்டையும் சேர்த்துத் தட்டி, பையில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு, வெறும் பாதத்தைப் பாறையில் இரண்டு முறை தேய்த்துப் பார்ப்பாள். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல இருக்கும். "வாங்க, சூடு தாங்கும்" என்பாள். அதற்குப் பிறகுதான் மற்ற இருவரும் ஏறுவோம். அவளை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்தப் பாதங்கள்தான். முகம் பிறகு வருகிறது. சில நாட்களில் வருவதில்லை.

ஓசூரில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் பெயர் சொல்லி அழைப்பது குறைவு. ஊர்தான் பெயர். நான் ராம்நாடு. அவள் பாகலூர்க்காரி. எங்கள் லைன் லீடர் கல்லாவிப் பக்கம். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் அவருக்கு மட்டும் ஊர் கிடையாது, அக்கா. நானும் அக்காவும் ஹாஸ்டலில் ஒரே அறை. பாகலூர்க்காரி தினமும் கம்பெனி பஸ்ஸில் வந்து போவாள். வட்டக் கண்ணாடிக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குள் சர்க்யூட் போர்டைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் எங்கள் வேலை. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் எதிரில் வரும் பஸ் கூடக் கொஞ்ச நேரம் கலங்கலாகத் தெரியும். "இதுக்குள்ளாறவே பாத்துக்கினு இருந்தா கண்ணு சின்னதாப் பூடும்டி. வாரத்துல ஒரு நாளாவது தூரமாப் பாக்கணும்" என்று பாகலூர்க்காரிதான் ஆரம்பித்தாள். அப்படித்தான் வாராந்திர லீவில் நாங்கள் மூவரும் ஊர் சுற்றப் பழகினோம்.

எங்கே போவது என்பதை அவள்தான் முடிவு செய்வாள். பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பாறைக் குன்று தெரிந்தால் போதும், அடுத்த வாரம் அங்கே நிற்போம். வழியில் யாரைப் பார்த்தாலும் பேச்சுக் கொடுப்பாள். தோட்டத்தில் நிற்பவரிடம் தெலுங்கு, டிராக்டர்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் ஒரே வேகம். ஒருமுறை தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓர் ஏரிக்குப் போனோம். ராகி அறுத்த காட்டில் நடந்துகொண்டிருந்தபோது எதிர்க்கரையில் நான்கு யானைகள் தண்ணீரில் நின்றன. நான் திரும்பி ஓடப் பார்த்தேன். அவள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "காத்து நம்ம பக்கந்தான் அடிக்குது. குந்து." அரை மணி நேரம் ராகித் தாள் குத்தக் குத்த உட்கார்ந்திருந்தோம். நடுவில் அவள் சத்தமில்லாமல் பையைத் திறந்து ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுத்தாள். அக்கா கையிலிருந்து மிட்டாய் இரண்டு முறை கீழே விழுந்தது. யானைகள் போன பிறகு மூவரும் சிரித்தோம். அவ்வளவு சிரிக்க அதில் என்ன இருந்தது என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

எனக்கு யானையைவிட உயரம்தான் பயம். எங்கள் ஊர்ப் பக்கம் மேடு என்றால் கண்மாய்க் கரை மட்டும்தான். முதல் முறை பாறையில் பாதி ஏறியதும் கீழே பார்த்துவிட்டு, கையையும் காலையும் பாறையோடு ஒட்டிக்கொண்டு அழுதேன். "எனக்கு அங்கிட்டும் போக முடியல, இங்கிட்டும் வர முடியல" என்று நான் கத்தியதை அவள் பல வாரங்கள் லைனில் எல்லோரிடமும் நடித்துக் காட்டினாள். ஆனால் அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. எனக்குக் கீழே வந்து நின்று, என் குதிகாலைத் தன் உள்ளங்கையில் தாங்கி, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். ஏறும்போது என் பின்னால் வருவாள். இறங்கும்போது மட்டும் அவளுக்குப் பொறுமை இருக்காது. வேறு பக்கமாக இறங்கி, எங்களுக்கு முன்னால் கீழே போய் நின்றுகொண்டு கை தட்டுவாள்.

நாலு வருஷம் ஆகிறது. குந்தாரப்பள்ளியில் அன்று சந்தை. மாடு ஏற்றிய வண்டிகளுக்கு நடுவில் பஸ்ஸை விட்டு இறங்கி, கிளைப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்து ஒரு குன்றில் ஏறினோம். பாறையின் மறுபக்கச் சரிவில் பெரிய தேனடைகள் தொங்குவதைப் போகும்போதே பார்த்தோம். நாங்கள் ஏறியது இந்தப் பக்கம்; அவற்றுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்தோம். உச்சியில் நானும் அக்காவும் எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தோம். பாகலூர்க்காரி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அந்தாண்ட ஒரு சுனை இருக்குதாம், பாத்துட்டு வரேன்" என்று போனாள்.

முதலில் ஒரு சத்தம் கேட்டது. கம்பெனியில் கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கும்போது வருமே, அந்தச் சத்தம். நான் நிஜமாகவே கம்ப்ரசர் என்றுதான் நினைத்தேன். பிறகு அக்காவின் தலைமுடியில் கருப்பாக ஏதோ அசைந்தது. அக்கா எழுந்து ஓடினார். நானும் ஓடினேன். உட்கார்ந்து உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி நான் இறங்க வேண்டிய சரிவு அது. நிமிர்ந்து நின்றபடி ஓடி இறங்கினேன். அப்போது பின்னால் மேலேயிருந்து குரல் வந்தது. "பன்னி! பன்னி!" இரண்டு முறை. எங்கள் ஊரில் பன்னி என்றால் பன்றி. காட்டுப்பன்றியும் வருகிறது, எச்சரிக்கிறாள் என்று நினைத்து இன்னும் வேகமாக இறங்கினேன். குரல் அவளுடையது என்று எனக்குத் தெரியும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கீழே ஒரு தோட்டத்தில் மாடு குடிக்கும் சிமெண்ட் தொட்டி இருந்தது. அதற்குள் இருவரும் முகத்தை முக்கிக்கொண்டு கிடந்தோம். தேனீக்கள் விலகியதும், "அவ எங்கடி?" என்றார் அக்கா. "வந்துருவாக்கா" என்றேன். கை தட்டும் சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தோம். வரவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் விவரம் கேட்டுவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் புகையும் ஓலையோடு மேலே போனார்கள். அவளை அதே கம்பளியில் தூக்கி வந்தார்கள். சுனைக்குப் பக்கத்தில் பாறை இடுக்கில் கால் மாட்டிக் கணுக்கால் பிசகியிருந்தது. துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு குப்புறக் கிடந்தாளாம். "பருந்து அடையத் தட்டி வுட்டிருக்கும். உங்க மேல தப்பு இல்ல கண்ணுங்களா" என்றார் அவர்களில் மூத்தவர். அவள் கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது. ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்திருந்தாள். அது என் கை என்று அவளுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. தேனீ விஷத்தில் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

நான் அழவில்லை. அழுகை வரும் என்று இரண்டு வாரம் எதிர்பார்த்தேன். முகத்தில் வீக்கம் வடிந்ததும் ஷிப்டுக்குப் போய்க் கண்ணாடிக்குக் கீழே போர்டைப் பார்த்தேன். கேன்டீனில் தட்டில் போட்டதைச் சாப்பிட்டேன். ஹாஸ்டல் மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒருநாள் கீழே பார்த்தபோதுதான் கவனித்தேன், உயரம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நாலாவது மாடியும் தரையும் ஒன்றுபோல இருந்தன. பயம் போய்விட்டது. அது போகும்போது தனியாகப் போகவில்லை.

பதினொன்றாம் நாள் காரியத்துக்கு நானும் அக்காவும் பாகலூர் போனோம். ரோஜாத் தோட்டத்தை ஒட்டிய வீடு. வாசலில் தயங்கி நின்ற எங்களைப் பார்த்து அவள் அம்மா எழுந்து வந்து, "பன்னி, ஒளகே பன்னி" என்றார். நான் அப்படியே நின்றேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல், "உள்ள வாங்கன்னு சொல்றாங்க" என்றார்.

காட்டுப்பன்றி இல்லை. வாங்க, வாங்க என்று வீட்டில் பேசும் கன்னடத்திலேயே கூப்பிட்டிருக்கிறாள். ஓசூருக்கு வந்து எட்டு மாதம் ஆகியும் அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

உள்ளே பாய் விரித்து உட்கார வைத்து மோர் கொடுத்தார் அம்மா. பிறகு எங்களுக்காகத் தமிழில், மெதுவாகக் கேட்டார். "கடைசில எம் பொண்ணு உங்கள கூப்ட்டாளா?"

"இல்லம்மா" என்றார் அக்கா. "முன்னாடியே எறங்கிட்டான்னு நெனச்சிக்கினோம்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன். "கூப்ட்டிருந்தா நீங்க போயிருப்பீங்க. அது எனக்குத் தெரியும்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் அக்கா வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். நான் பாகலூருக்குப் போவதை நிறுத்தவில்லை. மாதம் ஒருமுறை போவேன். ரோஜாவில் முள் நீக்கி, இருபது இருபதாகக் கட்ட அம்மாவுக்கு உதவுவேன். அவர் மகளைப் பற்றிச் சின்னச் சின்னதாக ஏதாவது சொல்வார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எதுவும் உள்ளே இறங்காது. கை மட்டும் வேலை செய்யும்.

போன வருஷம் என்னை லைன் லீடர் ஆக்கினார்கள். அக்கா இருந்த இடம். அதை அவரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று கல்லாவிக்குப் போனேன். அக்கா தன் அண்ணன் வீட்டோடு இருந்தார். சந்தைக்குக் கொண்டுபோகக் கத்தரிக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். முகம் இளைத்திருந்தது. சந்தோஷம் என்றார். பிறகு நாங்கள் அவளைப் பற்றிப் பேசாமல் நெடுநேரம் பேசினோம். கிளம்பும்போது நான் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு அவ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. பன்னின்னா காட்டுப்பன்னின்னு நெனச்சுட்டேன்."

அக்கா கையிலிருந்த காயைக் கூடையில் வைத்தார். "எனக்கும் கேட்டுச்சுடி."

"உங்களுக்குக் கன்னடம் தெரியும்ல?"

"பத்து வருசம் அங்க இருந்தவ நான். தெரியாதா?" கூடையைப் பார்த்தபடியே சொன்னார். "ஒரு வாட்டி நின்னேன். திரும்பிப் பாத்தேன். மேல பூரா கருப்பா இருந்துச்சு. அப்புறம் எறங்கிட்டேன். உனக்காவது அர்த்தம் தெரியல. நீ அதோட இருந்துக்க."

நான் அவர்மேல் கோபப்பட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. ஆறுதல் சொல்லவும் வரவில்லை. அர்த்தம் தெரிந்திருந்தால் நான் ஏறியிருப்பேனா என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்டுக்கொண்டேன். ஏறியிருப்பேன் என்று சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் பாகலூர் போனேன். அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டைக் கட்டி முடித்துவிட்டு, அக்காவின் பேச்சை எடுக்காமல், என் பங்கை மட்டும் சொன்னேன்.

"அம்மா, அன்னைக்கு அவ கூப்பிட்டா. எனக்குக் கேட்டுச்சு. நான் போகல."

அவர் கை நின்றது. எழுந்து போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"எத்தன தரம் கூப்ட்டா?"

"ரெண்டு தரம்மா."

"மூணாவது?"

"கேக்கல."

அம்மா ஒரு ரோஜாவை எடுத்து முள்ளை நீக்கினார். "வீட்லயும் அப்டித்தான். ரெண்டு தரந்தான் கூப்டுவா. நான் போகலன்னா அவளே எந்திரிச்சு வந்துடுவா."

சொல்லிவிட்டு, வெட்டி வைத்திருந்த பூக்களில் பாதியை என் பக்கம் தள்ளினார். பூ ஏற்றும் வண்டி வரும் வரை இருவரும் கட்டிக்கொண்டிருந்தோம்.