மெர்ல் படித்த மின்னஞ்சல்

டாஸ்மேனியாவின் பர்னி ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் மெர்ல் ட்ரெகென்சாவுக்கு இன்னொரு பதவியும் உண்டு: காட்டு ஆர்க்கிட் பூக்களைத் தேடி அலைகிறவர்களின் இணையக் குழுமத்துக்கு அவள் நடுவர். சம்பளம் கிடையாது, வசவு தாராளம். அந்தக் குழுமத்தில் யாருடைய விவாகரத்தைப் பற்றியும் பேசலாம். அரிய பூ எங்கே பூத்தது என்று மட்டும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் மண்வெட்டியோடு திருடர்கள் போய்விடுவார்கள்.

அந்த வசந்தத்தில் சிலந்தி ஆர்க்கிட் பூத்த மேடு ஒன்று அடியோடு தோண்டப்பட்டது. இடத்தைச் சொன்னவர் காலின் டஃபீல்டுதான் என்று நிர்வாகி ஃபெனல்லா குற்றம் சாட்டினாள். தனிக்கட்டையான காலினுக்குக் குழுமத்தை விட்டால் பேச்சுத்துணை இல்லை. அவரை நீக்க வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் ஃபெனல்லாவின் சொந்த மின்னஞ்சல்களை மெர்லுக்கு அனுப்பிவைத்தார்.

"திறக்காத. அடுத்தவங்க மெயில வெளியிடக் கூடாதுன்னு விதி எழுதினவளே நீதான்," என்றான் கணவன் லைல், ரொட்டியில் வெஜிமைட் தடவியபடி.

"வெளியிடக் கூடாதுன்னுதான் எழுதினேன். படிக்கக் கூடாதுன்னு எழுதலியே."

"அடிப்பாவி!"

படித்தாள். ஃபெனல்லா தன் தங்கைக்கு எழுதியிருந்தாள்: குழுமத்தில் தான் போட்ட படத்திலேயே, பூ இருந்த இடத்தையும் கைபேசி பதிந்துவைத்திருந்ததாம், அழிக்க மறந்துவிட்டாளாம், நல்லவேளை, எல்லாரும் காலினைச் சந்தேகிக்கிறார்களாம்.

வெளியிட்டால் காலின் தப்புவார். அப்புறம் சண்டைக்குச் சண்டை எவருடைய அஞ்சலாவது சந்திக்கு வரும். மெர்ல் ஃபெனல்லாவையே தொலைபேசியில் அழைத்தாள்.

"நீயே உண்மையச் சொல்லிடு. நான் எதையும் போட மாட்டேன். ஆனா ஓட்டெடுப்ப நிறுத்திடுவேன். ஏன்னு கேட்டா, ஃபெனல்லாவக் கேளுங்கன்னு சொல்லுவேன்."

"என் மெயில படிச்சியா? வெக்கமா இல்ல?"

"கொஞ்சம் இருக்கு. உனக்கு?"

அன்று மாலையே ஃபெனல்லா தவற்றை ஒப்புக்கொண்டு எழுதினாள். அதே பதிவின் கடைசியில், தன் அஞ்சலைப் படித்த மெர்ல் நடுவராக நீடிக்கலாமா என்றும் கேட்டிருந்தாள். புது வாக்கெடுப்பு தொடங்கியது.

காலின் அழைத்தார். நன்றி சொன்னார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ பதவிய விட்டுப் போகணும்னுதான் ஓட்டுப் போட்டிருக்கேன், மெர்ல். நாளைக்கு என் மெயில எவனாவது அனுப்பினாலும் நீ படிச்சிடுவ."

"படிச்சிடுவேன்," என்று ஒத்துக்கொண்டாள் மெர்ல். பொறுக்க முடியவில்லை. "அப்படி என்ன எழுதி வெச்சிருக்கீங்க, காலின்?"